செவ்வாய்க்கிழமையைத் தள்ளிப் போடாதீர்கள்

கேள்வி: டாக்டர், வணக்கம். எங்களுக்கு 30 வாரத்திலேயே இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்துவிட்டார்கள். மூத்தவள் 1,340 கிராம், இளையவள் 1,120 கிராம். இருவரையும் பெட்டியில் வைத்திருந்தார்கள், இளையவளுக்குப் பதினொரு நாள் ஆக்சிஜன் தேவைப்பட்டது. 28-ஆம் நாள் கண் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இருவருக்கும் ஆர்.ஓ.பி. என்ற, குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய் ஆரம்ப நிலையில் இருக்கிறது, பயப்பட வேண்டாம், இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார். சீட்டில் ‘ஜோன் 2, ஸ்டேஜ் 1, நோ பிளஸ்’ என்று எழுதியிருக்கிறது. போன வாரம் வீட்டுக்கு வந்துவிட்டோம். தேதி வரும் செவ்வாய்க்கிழமை. ஆனால் போன தடவை பார்த்த அன்று இருவர் கண்ணும் வீங்கிச் சிவந்துவிட்டது, இளையவள் ராத்திரி முழுக்கச் சரியாகப் பால் குடிக்கவில்லை. குழந்தைகள் வெளிச்சத்தைப் பார்த்துத் தலையைத் திருப்புகிறார்கள், கண் நன்றாகத்தானே இருக்கிறது, மூன்று மாதம் ஆகி உடம்பு தேறியதும் போகலாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். என் மனைவிக்கும் மறுபடி அந்தக் கஷ்டத்தைக் கொடுக்க மனம் இல்லை. தள்ளிப் போடலாமா? ஆக்சிஜன் அதிகமாகக் கொடுத்ததால்தான் இது வந்தது என்கிறார்கள், மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் வைத்ததால் என்றும் ஒருவர் சொன்னார். லேசர் என்றால் பார்வை போய்விடுமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதம் நேற்று இரவுதான் வந்தது. செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருப்பதால் எனக்கு முன்னாலேயே எழுதியவர்களைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு உங்களுக்கு எழுதுகிறேன். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படித்துக்கொள்ளலாம். போயே ஆக வேண்டும். மூன்று மாதமெல்லாம் பேச்சே வேண்டாம், அடுத்த வாரம் என்றுகூடத் தள்ள வேண்டாம். அதே செவ்வாய்க்கிழமை, இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு போங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் இரண்டு வாக்கியங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன: ‘பயப்பட வேண்டாம்’, ‘இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்’. மாதக் கணக்கில் பயத்திலேயே இருந்த ஒரு குடும்பத்தின் காதில் முதல் வாக்கியம்தான் விழும், இரண்டாவது விழாது. நானும் பல வருடம் அதே வரிசையில்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் தேதியை முதலில் சொல்லி, அதை அவர்களையே திருப்பிச் சொல்ல வைத்து, அப்புறம்தான் ஆறுதல் சொல்கிறேன். உங்கள் டாக்டர் பயப்பட வேண்டாம் என்றது அன்றைக்குப் பார்த்த கண்ணைப் பற்றி. அந்தக் கண் இரண்டு வாரத்தில் எப்படி மாறும் என்று அவராலும் சொல்ல முடியாது, அதனால்தான் தேதி கொடுத்தார்.

இந்த நோய் எப்படி வருகிறது என்று புரிந்தால் தேதி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதும் புரிந்துவிடும். கண்ணுக்குள்ளே பின்சுவரில் விழித்திரை இருக்கிறது. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் கருவின் 16-ஆம் வாரம் வாக்கில் கண் நரம்பு இருக்கும் நடுப்பகுதியிலிருந்து கிளம்பி, வாய்க்காலில் தண்ணீர் போவது மாதிரி நாலு பக்கமும் மெதுவாக ஓரத்தை நோக்கிப் போகின்றன. மூக்குப் பக்கம் தூரம் குறைவு, 36 வாரம் வாக்கில் ஓரத்தைத் தொட்டுவிடும். காதுப் பக்கம்தான் கடைமடை, அங்கே போய்ச் சேர 40 வாரம் ஆகும், சில குழந்தைகளுக்கு அதற்கு மேலும் ஆகும். உங்கள் பெண்கள் 30 வாரத்தில் பிறந்தபோது தண்ணீர் பாதி வழியில்தான் இருந்திருக்கும். வயிற்றுக்குள்ளே ஆக்சிஜன் அளவு குறைவாகத்தான் இருக்கும், அந்தக் குறைவே குழாய்களுக்கு ‘வளர்’ என்று சொல்லும் சைகை. வெளியே வந்ததும் அளவு சட்டென்று ஏறிவிடுவதால் குழாய்கள் வளர்வதை அப்படியே நிறுத்திக்கொள்கின்றன. முதல் சில வாரங்கள் ஒன்றும் தெரியாது. அப்புறம் விழித்திரை வளர வளர, ரத்தம் போய்ச் சேராத அந்த ஓரப் பகுதி மூச்சு முட்டிப்போய் ‘எனக்கு ரத்தம் வேண்டும்’ என்று ஒரு வேதிப்பொருளை ஏராளமாகச் சுரக்க ஆரம்பிக்கும். அதற்கு வி.இ.ஜி.எஃப். என்று பெயர். அது அளவோடு இருந்தால் நின்றுபோன குழாய்கள் மறுபடி ஒழுங்காக வளர்ந்து ஓரம் வரை போய்விடும், கதை முடிந்தது. அளவு மீறினால் கரையை உடைத்துக்கொண்டு பாயும் தண்ணீர் மாதிரி, இருக்கக் கூடாத இடத்தில், கண்ணின் நடுவில் இருக்கும் கூழ் போன்ற பகுதிக்குள் குழாய்கள் முளைக்கும். அவை கசியும், ரத்தம் கசியும், அப்புறம் தழும்பாகிச் சுருங்கும். சுருங்கும்போது விழித்திரையையும் சேர்த்துப் பிடித்து இழுத்துவிடும்.

இந்தக் கெட்ட வளர்ச்சி பிறந்த நாளை வைத்து வருவதில்லை, கருவான கணக்கை வைத்து வருகிறது. பிறக்கும்போது எத்தனை வாரம், அதோடு பிறந்த பிறகு எத்தனை வாரம், இரண்டையும் கூட்டுங்கள். உங்கள் குழந்தைகளுக்கு 28-ஆம் நாள் பார்த்தபோது 34 வாரம். செவ்வாய்க்கிழமை 36 வாரம். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிகிச்சை தேவைப்படும் கட்டம் வந்தால் அது 34-லிருந்து 38 வாரத்துக்குள்தான் வருகிறது. பெரியவர்கள் சொல்லும் ‘மூன்று மாதம்’ என்பது 43 வாரம். அதற்குள் நல்லதோ கெட்டதோ எது நடக்க வேண்டுமோ அது நடந்து முடிந்திருக்கும். துரதிர்ஷ்டம் என்னவென்றால், எடை கொஞ்சம் ஏறி, தானாகப் பால் குடித்து, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் எல்லோரும் அப்பாடா என்று உட்காரும் வாரங்களும் இதே வாரங்கள்தான்.

இப்போது அந்தச் சீட்டைப் பார்ப்போம். ஜோன் என்பது குழாய்கள் எதுவரை போய்ச் சேர்ந்திருக்கின்றன என்பதைச் சொல்கிறது. கண் நரம்பைச் சுற்றியுள்ள நடு வட்டம் ஒன்று, அதற்கு வெளியே உள்ள வட்டம் இரண்டு, காதுப் பக்கம் கடைசியில் பிறை மாதிரி மிஞ்சும் பகுதி மூன்று. எண் கூடக் கூட நல்லது. ஸ்டேஜ் அதற்கு நேர் எதிர், எண் கூடக் கூடக் கெட்டது. ஸ்டேஜ் 1 என்றால் ரத்தம் போன இடத்துக்கும் போகாத இடத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது ஒரு பக்கம் செம்மஞ்சளாகவும் மறுபக்கம் சாம்பல் நிறமாகவும் இருக்கும், நடுவே பென்சிலால் இழுத்தது போல அந்தக் கோடு ஓடும். ஸ்டேஜ் 2-இல் அந்தக் கோடு தடித்து வரப்பு மாதிரி எழும்பிவிடும். ஸ்டேஜ் 3-இல் அந்த வரப்பிலிருந்து குழாய்கள் மேலே ஏறத் தொடங்கும். 4-இல் விழித்திரை ஒரு பகுதி பிரிந்துவிடும், 5-இல் முழுதும் பிரிந்துவிடும். பிளஸ் என்பது தனி எச்சரிக்கை. நடுவில் இருக்கும் குழாய்கள் புடைத்து நெளிநெளியாக ஆகிவிட்டால் உள்ளே வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். பிளஸ் என்று எழுதியிருந்தால் அந்த வீட்டார் அன்றைக்கு வேறு எந்த வேலையும் பார்க்கக் கூடாது என்பேன்.

உங்கள் சீட்டில் ஜோன் 2, ஸ்டேஜ் 1, பிளஸ் இல்லை. இது நல்ல சீட்டுதான். ஸ்டேஜ் 1-ம் 2-ம் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே அடங்கிவிடும். 1980-களில் அமெரிக்காவில் 1,251 கிராமுக்குக் குறைவாகப் பிறந்த 4,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், சுமார் மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகளுக்கு ஏதாவது ஒரு நிலையில் ஆர்.ஓ.பி. வந்தது, ஆனால் அன்றைய அளவுகோலின்படி சிகிச்சை தேவைப்படும் கட்டத்துக்குப் போனது 6 சதவீதம்தான். உங்கள் இளையவள் அந்த எடைக்குள் வருகிறாள். பெரும்பாலானவர்கள் தப்பித்துவிடுகிறார்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள், ஏனென்றால் அந்த ஆறு பேர் யார் என்று ஸ்டேஜ் 1-இல் பார்க்கும்போது யாருக்கும் தெரியாது. மறுபடி பார்த்தால்தான் தெரியும்.

பெரியவர்கள் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பேத்திகள் மேல் இருக்கிற பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் வெளிச்சத்துக்குத் தலையைத் திருப்புவது இந்த நோய் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. நோய் ஆரம்பிப்பது ஓரத்தில், மற்றப் பகுதி நன்றாக இருக்கும்வரை குழந்தை வெளிச்சத்தை உணரும். ஸ்டேஜ் 3 வரை, அதாவது எளிதாகக் காப்பாற்றக்கூடிய எல்லாக் கட்டத்திலும், குழந்தை வெளிச்சத்தைப் பார்க்கும், கண் வெளியிலிருந்து கறுகறுவென்று அழகாகத்தான் இருக்கும், வலி இருக்காது, நீர் வடியாது. இன்னொன்று, முகத்தைப் பார்த்து நிலைத்து நிற்பதும், அசையும் பொருளின் பின்னால் கண் போவதும் நிறைமாதக் குழந்தைக்கே பிறந்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் தெளிவாக வரும். உங்கள் குழந்தைகள் இன்னும் பிறந்திருக்க வேண்டிய நாளுக்கே வரவில்லை. இந்த வயதில் வீட்டில் வைத்துப் பார்வையைச் சோதிக்க யாராலும் முடியாது, என்னாலும் முடியாது. வெளியிலிருந்து ஏதாவது தெரிகிறது என்றால், கண்ணின் பாப்பாவில் வெள்ளையாகத் தெரிகிறது என்றால், அது உள்ளே விழித்திரை பிரிந்து முன்னால் வந்துவிட்டதன் அடையாளம்.

அப்படி வந்த ஒரு குழந்தையை நான் மறக்கவில்லை. ஐந்து மாதம். அம்மா மடியில் வைத்துக்கொண்டு, ‘சிரிக்க மாட்டேன் என்கிறான் டாக்டர், முகம் பார்க்க மாட்டேன் என்கிறான்’ என்றார். இரண்டு பாப்பாவிலும் வெள்ளை. டிஸ்சார்ஜ் சம்மரி இருக்கிறதா என்று கேட்டேன். மருந்துக் கடை ரசீதுகளோடு சேர்த்து நாலாக மடித்து ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார்கள், பிரித்துக் கொடுத்தார்கள். மூன்றாவது பக்கத்தில், தடுப்பூசித் தேதிகளுக்குக் கீழே, ‘கண் பரிசோதனைக்கு வரவும்’ என்று ஒரு வரி, பக்கத்தில் ஊதா மையில் தேதி. அதற்கு மேலே இருந்த தடுப்பூசித் தேதிகள் எல்லாவற்றுக்கும் டிக் போட்டிருந்தது, ஒன்றுகூட விடவில்லை. அவ்வளவு கவனமான பெற்றோர். இந்த ஒரு வரி எதற்கு என்று யாரும் அவர்களிடம் உட்கார்ந்து சொல்லவில்லை. ஐந்தாம் நிலையில் அறுவை சிகிச்சை செய்தாலும் பயன்படும் பார்வை கிடைப்பது அரிது, அதை அன்றைக்கு அவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, ஆக்சிஜன். இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது. 1942-இல் பாஸ்டனில் தியோடர் டெரி என்ற கண் மருத்துவர்தான் குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் இந்த நோயை முதலில் எழுதி வைத்தார். அப்போது இன்குபேட்டரில் ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிடுவது வழக்கம், நல்ல வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில்தான் பார்வை இழந்த குழந்தைகள் அதிகம் இருந்தார்கள், காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. 1951-இல் ஆஸ்திரேலியக் குழந்தை மருத்துவர் கேட் கேம்ப்பெல் ஆக்சிஜனைச் சந்தேகித்தார், சில வருடங்களில் அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்த ஆய்வு அதை உறுதிப்படுத்தியது. உடனே எல்லோரும் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்தார்கள். கண் நோய் குறைந்தது, ஆனால் மூச்சுக்கு ஆக்சிஜன் போதாமல் இறந்த குழந்தைகளும் மூளை பாதித்த குழந்தைகளும் கூடினார்கள். இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2010-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், 24 முதல் 27 வாரத்தில் பிறந்த 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ரத்த ஆக்சிஜன் அளவை 85-லிருந்து 89 சதவீதத்திலும், இன்னொரு பிரிவுக்கு 91-லிருந்து 95-லும் வைத்துப் பார்த்தார்கள். குறைவாக வைத்த பிரிவில் கடுமையான ஆர்.ஓ.பி. பாதியாகக் குறைந்தது, 17.9-லிருந்து 8.6 சதவீதம். ஆனால் இறப்பு 16.2-லிருந்து 19.9 ஆகக் கூடியது. குழந்தை டாக்டர்கள் அந்த மெல்லிய கயிற்றின் மேல்தான் தினமும் நடக்கிறார்கள். உங்கள் இளையவளுக்குப் பதினொரு நாள் ஆக்சிஜன் கொடுத்ததால்தான் இன்றைக்கு அவள் கண்ணைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அளவு மீறிய ஆக்சிஜன், அதைவிட மேலும் கீழுமாக அலைபாயும் ஆக்சிஜன், நோயைக் கூட்டும் என்பது உண்மை. அதனால்தான் காலில் ஒரு சின்ன விளக்கைக் கட்டி நாள் முழுக்க அளவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஆனால் நோய் வந்துவிட்டது என்பதாலேயே யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று ஆகாது. முக்கியமான காரணம் சீக்கிரம் பிறந்தது. அதற்கு மேல் கிருமித் தொற்று, ரத்தம் ஏற்றியது, முதல் மாதத்தில் எடை மெதுவாக ஏறியது, இவையெல்லாம் சேர்கின்றன. எடை ஏறும் வேகத்துக்கும் கண் குழாய் வளர்ச்சிக்கும் தொடர்பு உண்டு, அதனால் வாரா வாரம் எடுத்த எடை எழுதிய தாளைச் செவ்வாய்க்கிழமை கையோடு எடுத்துப் போங்கள். அப்புறம், தாய்ப்பால் முடிந்தவரை கொடுங்கள், தாய்ப்பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு இந்த நோய் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

நீல விளக்கைப் பற்றிக் கவலையே வேண்டாம். வெளிச்சம்தான் காரணமோ என்று சந்தேகப்பட்டு, பிறந்த முதல் நாளிலிருந்தே குழந்தைகளின் கண்ணை மறைத்து வைத்துச் சோதித்திருக்கிறார்கள், 1998-இல் முடிவு வந்தது, மறைத்தவர்களுக்கும் மறைக்காதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. உங்கள் மனைவியிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அவர் எதையாவது சாப்பிட்டதாலோ, ஏதாவது வேலை செய்ததாலோ வந்தது இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள், ஏனென்றால் என் முன்னால் உட்காரும் அம்மாக்களில் பாதிப் பேர் அதைக் கேட்பதில்லை, மனதுக்குள் வைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

பரிசோதனை பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கும், அதை நான் மறைக்க மாட்டேன். கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், அரைமணி நேரம் அல்லது அதற்கு மேல் ஆகும். அந்த மருந்தால் இமையைச் சுற்றித் தோல் வெளுத்துப்போவது சாதாரணம். குழந்தையைத் துணியில் கை வெளியே வராமல் சுற்றி, ஒரு நர்ஸ் இரண்டு உள்ளங்கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்வார். மரத்துப்போகும் சொட்டு விட்டுவிட்டு, இமை மூடாமல் இருக்கச் சின்னக் கம்பிக் கிளிப் வைத்து, தலையில் மாட்டிய விளக்கோடு ஒரு லென்ஸைக் கையில் பிடித்துப் பார்ப்பார்கள். ஓரம் வரை பார்க்க வேண்டியிருப்பதால் ஒரு மெல்லிய கருவியால் கண்ணை லேசாக அழுத்தித் திருப்புவார்கள். ஒரு கண்ணுக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான், ஆனால் வெளியே நிற்கும் அம்மாவுக்கு அது ஒரு யுகம். குழந்தை வீறிட்டு அழும். அதில் பாதி வலி என்றால் பாதி கட்டிப்போட்டு வெளிச்சம் அடிக்கிற கோபம். நாக்கில் இரண்டு சொட்டு சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் அழுகை கொஞ்சம் குறைகிறது. அது அங்கே கொடுப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள், தயங்காதீர்கள். சில இடங்களில் கண் டாக்டருக்குப் பதிலாகப் பயிற்சி பெற்றவர்கள் அகலமான படம் எடுக்கும் கேமராவில் படம் பிடித்து அனுப்புகிறார்கள், அதுவும் நல்ல முறைதான்.

இளையவள் பால் குடிக்காததற்கும் காரணம் உண்டு. கண்ணில் விடும் மருந்து மூக்கு வழியாக இறங்கிக் கொஞ்சம் உடம்பிலும் சேரும், குடலின் வேகத்தைக் குறைத்துவிடும், அதனால் அன்று ராத்திரி வயிறு மந்தமாக இருக்கும். இமைக்கு வெளியே வழியும் மருந்தை உடனே ஒற்றி எடுத்துவிடச் சொல்லுங்கள், அதுவே உடம்பில் சேருவதைக் குறைக்கும். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே பால் கொடுத்து முடித்துவிடுங்கள், வயிறு நிறைய இருந்தால் அழும்போது எதுக்களிக்கும். முடிந்ததும் மார்போடு அணைத்துக்கொண்டு உட்காருங்கள். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுத்துப் பாருங்கள். சிவப்பும் வீக்கமும் ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஆனால் மூச்சு நின்று நின்று வந்தால், உதடு நீலம் பாய்ந்தால், வயிறு உப்பினால், பச்சையாக வாந்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கண்ணில் சீழ் வந்தாலோ, சிவப்பு குறையாமல் கூடினாலோ அன்றே காட்டுங்கள். இளையவளுக்குப் போன தடவை என்ன ஆனது என்பதைச் செவ்வாய்க்கிழமை போனதும் சொல்லிவிடுங்கள், அவளைக் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்துக் கவனித்து அனுப்புவார்கள். வெளியே கூட்டிப்போனால் தொற்று வருமே என்ற பயம் நியாயமானது. முன்னாலேயே போன் செய்து, பச்சிளங்குழந்தைகள், கூட்டத்தில் உட்கார வைக்க வேண்டாம், வந்ததும் சொட்டு விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக லேசர். அந்தச் சொல்லைக் கேட்டாலே ஆள் வெளுத்துப்போகிறார்கள், அதனால் அது என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ரத்தம் போய்ச் சேராத அந்த ஓரப் பகுதிதானே வேதிப்பொருளைச் சுரந்து குழப்பம் செய்கிறது, லேசர் அந்தப் பகுதியைச் சுட்டு அடக்குகிறது. சுரப்பது நின்றால் கெட்ட குழாய்கள் வாடிவிடும். ஓரப் பார்வையில் கொஞ்சம் குறையும், அதற்குப் பதிலாக முகம் பார்க்கும், புத்தகம் படிக்கும் நடுப் பார்வையைக் காப்பாற்றுகிறோம். பார்வை போவது லேசரால் இல்லை, லேசர் வேண்டிய நேரத்தில் செய்யாததால். 2003-இல் வந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு முன்பைவிடச் சீக்கிரமே சிகிச்சை செய்கிறோம், ஜோன் 2-இல் ஸ்டேஜ் 2 அல்லது 3 வந்து கூடவே பிளஸும் இருந்தால் போதும், முன்பு போல ஸ்டேஜ் 3 அதிகமாகப் பரவும்வரை காத்திருப்பதில்லை. அந்த ஆய்வில் கடுமையான நோய் வந்து, முன்கூட்டியே சிகிச்சை பெற்ற கண்களில் 100-க்கு 9 கண்களில்தான் விழித்திரை கெட்டுப்போனது, பழைய முறைப்படி காத்திருந்தவற்றில் 100-க்கு 16. வேண்டும் என்று முடிவாகிவிட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் செய்துவிட வேண்டும். யோசித்துச் சொல்கிறோம் என்று ஒரு வாரம் எடுத்துக்கொள்ள இதில் இடமே இல்லை. நோய் கண்ணின் நடுப்பகுதியிலேயே இருந்தால் கண்ணுக்குள் ஊசி போடுவதும் உண்டு, சீக்கிரம் வேலை செய்யும், ஆனால் சில வாரங்களோ மாதங்களோ கழித்து நோய் திரும்பலாம். அதனால் ஊசி போட்ட குழந்தைகளை லேசர் செய்தவர்களைவிட அதிக நாள் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஊசி போட்டாயிற்று, முடிந்தது என்று போய்விடுகிறவர்களை நினைத்துத்தான் எனக்கு அதிகக் கவலை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. எந்தக் குழந்தைக்குப் பார்க்க வேண்டும் என்ற அளவு நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 1,500 கிராம் அல்லது 30 வாரம், அதற்குக் கீழே. இந்தியாவில் 2,000 கிராமுக்குக் குறைவு அல்லது 34 வாரத்துக்கு முன். ஆக்சிஜன் கண்காணிப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாததால் அங்கே கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கும் கடுமையாக வருகிறது, அதனால்தான் அந்த அகலம். அங்கே முதல் பரிசோதனை பிறந்த 30 நாளுக்குள், மிகச் சின்னக் குழந்தைகள் என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. யாராவது சொல்வார்கள் என்று காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள்.

இந்த அலைச்சல் எதுவரை என்று உங்கள் மனைவி கேட்பார். குழாய்கள் கடைமடை வரை போய்ச் சேர்ந்துவிட்டன என்று டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை. பெரும்பாலும் 40-லிருந்து 45 வாரத்துக்குள் அது நடந்துவிடும், அதாவது இன்னும் சில தடவைதான். அதற்குப் பிறகும் ஒரு வயதுக்குள் ஒரு முறை, பள்ளி சேரும்வரை வருடம் ஒரு முறை கண்ணைக் காட்டுங்கள், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குக் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் அதிகம் வரும், சீக்கிரம் கண்டுபிடித்துக் கண்ணாடி போட்டால் நன்றாகப் படிப்பார்கள்.

செவ்வாய்க்கிழமை பார்த்து முடித்ததும் சீட்டைப் பையில் வைப்பதற்கு முன் அங்கேயே நின்று படியுங்கள். இரண்டு குழந்தைகள், நான்கு கண்கள், ஒவ்வொன்றுக்கும் ஜோன், ஸ்டேஜ், பிளஸ் உண்டா இல்லையா, அடுத்த தேதி எழுதியிருக்க வேண்டும். இரட்டையர் என்றாலும் கண்கள் ஒரே மாதிரி போகும் என்று இல்லை, எடை குறைந்தவளுக்கு ஒரு வாரத்திலும் மூத்தவளுக்கு இரண்டு வாரத்திலும் தேதி கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் இருவரையும் ஒன்றாகக் கொண்டுபோக வசதி என்று தேதியைப் பின்னால் தள்ளிச் சேர்த்துவிடாதீர்கள். சேர்ப்பதாக இருந்தால் முன்னால் வரும் தேதியில் இரண்டு பேரையும் கொண்டுபோங்கள்.